கட்டை மாற்றிய துப்பாக்கி

ஒரு புத்தகம் வாசகனை என்ன செய்கிறது என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மனத்தை விரிவாக்குகிறது, பண்படுத்துகிறது, வாழ்க்கையைப் புரியவைக்கிறது என்றெல்லாம். இவற்றில் எது உண்மை என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் நியூயார்க் நகரில் ஸீமோர் கிரிஃபின் என்ற தச்சரை 1910-ல் ஒரு புத்தகம் என்ன செய்தது என்பது திட்டமாகத் தெரிந்த விஷயம். அவர் உயர்ந்த ரக மேஜை, நாற்காலி, அலமாரிகள் செய்கிறவர். ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கியிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் எழுதிய 'ஆப்பிரிக்கன் கேம் டிரெயில்ஸ்' என்ற வேட்டைப் புத்தகத்தை அந்த வருஷம் அவர் படித்தார். அதில் ரூஸ்வெல்டின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டாளத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்றை வாங்கினார். நல்ல அக்ரூட் மரத்தில் ஒரு துண்டும் வாங்கினார். சிப்பாய்க்கென்று செய்த கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தம் கையாலேயே புதுக் கட்டை இழைத்துப் பொருத்தினார். பார்த்தவர்கள் 'எனக்கும் ஒன்று' என்று வந்து நின்றார்கள். பீரோ செய்துகொண்டிருந்தவர் துப்பாக்கிக் கட்டை செய்கிறவராகிவிட்டார்.

இலக்கியத்தின் பயன் பற்றி இதைவிட உருப்படியான சாட்சியம் எனக்குத் தெரியாது. புத்தகம் என்னவோ சுமாரான புத்தகம்தான்.

அந்த ரைபிளுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1898-ல் க்யூபாவில் அமெரிக்கா ஸ்பெயினோடு சண்டை போட்டது. ஸான் ஹுவான் குன்றுகளின்மேல் ஏறிய தொண்டர் படை ஒன்றுக்கு ரூஸ்வெல்ட் தலைவர். மேலேயிருந்து ஸ்பானியர்கள் சுட்டது ஜெர்மனியில் பிறந்த மாசர் ரைபிள்களால். அவற்றின் வேகமும் குறியும் அமெரிக்கர்களைத் திடுக்கிட வைத்தன. யுத்தம் முடிந்ததும் மாஸசூஸெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த ஸர்க்கார் ஆயுதசாலை புது ரைபிள் ஒன்றை உருவாக்கிற்று. 1903-ல் படை அதை ஏற்றுக்கொண்டது. ஊரின் பெயரே துப்பாக்கிக்கும் பெயராயிற்று. மாசரை அது எவ்வளவு நெருங்கி ஒட்டியிருந்தது என்றால், காப்புரிமைக்காக அமெரிக்க ஸர்க்கார் மாசர் கம்பெனிக்கு 2,00,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜனாதிபதியாகிவிட்ட ரூஸ்வெல்ட், அதே ஆயுதசாலையில் தமக்கென்று ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை வேட்டைக்கு ஏற்ற கட்டையோடு செய்து வாங்கிக்கொண்டார். தம்மைச் சுட்ட துப்பாக்கியின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அவர் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

இந்த விசித்திரம் அவர் புத்தகத்தில் ஓரிடத்திலும் அவருக்கு உறைக்கவில்லை. அதுதான் அந்தப் புத்தகத்தின் குறை. ரூஸ்வெல்டுக்குக் கண் இருந்தது. பறவைகளைப் பற்றியும், மிருகங்கள் நின்று பார்க்கும் விதத்தைப் பற்றியும் அவர் எழுதியிருப்பதில் பொய் இல்லை. ஸ்மித்ஸோனியன் மியூசியத்துக்காகப் போன கூட்டமாகையால் அளவும் பெயரும் ஒழுங்காக இருக்கின்றன. பன்றித் தோலில் பைண்டு செய்த சுமார் 60 புத்தகங்களை ஒரு கூலியாள் தூக்கும் பெட்டியில் அடக்கி, காட்டுக்குள்ளும் படித்துக்கொண்டே போனார் என்பது எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அவரிடம் மரியாதையை உண்டாக்குகிறது. ஆனால் கடைசியில் அவர் தரும் ஜாபிதாவைப் பாருங்கள்: தாம் சுட்டவை 296, மகன் கெர்மிட் சுட்டவை 216, ஆக 512. புத்தகம் முழுவதுமே இந்தக் கணக்கின் தொனியில்தான் நடக்கிறது. குன்று ஏறியவரும் சிங்கம் சுட்டவரும் ஒரே ஆள். இரண்டிலும் ஒரே உற்சாகம். பயப்படத் தெரியாதவன் கதை எழுதினால் அது பிரயாணக் குறிப்பாகத்தான் முடியும்.

கிரிஃபின் செய்த வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால்தான் மேலே சொல்லப் போவது விளங்கும். துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்திருக்கிற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் தொடர்கதைகளில் 'டுமீல்' என்ற சத்தத்துக்குமேல் துப்பாக்கிக்கு வேலை கிடையாது.

பட்டாளத்து ரைபிளை எடுத்துப் பார்த்தால் அதில் ஒவ்வொரு அங்கமும் ஏதோ ஒரு யுத்த காரியத்துக்காக இருக்கிறது. குழலின் நீளம் முழுவதும் கிட்டத்தட்ட மூக்குவரை மரம் மூடியிருக்கும்; மேல்புறத்தில்கூட ஒரு மரப் பட்டை இருக்கும். விடாமல் சுடும்போது குழல் கொதிக்கும். சிப்பாயின் கை வெந்துவிடக் கூடாது. முனையில் சனியன் மாட்டுவதற்கு ஒரு கொக்கி. குறிபார்க்கும் ஏணி போன்ற தகட்டில், ஸ்பிரிங்ஃபீல்டைப் பொறுத்தவரை, 2,850 கஜம் வரைக்கும் கோடு போட்டிருக்கும். ஒன்றரை மைலுக்கு அப்பாலிருக்கும் ஒரு மனிதனை யாரும் குறிபார்த்துச் சுட முடியாது; ஒரு கூட்டத்தின் தலைமேல் குண்டுமாரி பெய்விக்கத்தான் அந்தக் கோடு. விசை இரண்டு கட்டமாக இழுபடும்: முதலில் தொளதொளவென்று கொஞ்ச தூரம், அப்புறம் இறுக்கம். பதற்றத்திலிருக்கும் பையன் அவசரப்பட்டு வெடித்துவிடாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

வேட்டைக்காரனுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவன் ஒரு தடவை சுடுவான். அதிகம் போனால் மூன்று தடவை. குழல் கொதிக்காது. ஆகவே முன்கட்டையைப் பாதியோடு நிறுத்தலாம். சனியன் கொக்கி போகலாம். ஏணித் தகட்டை எடுத்துவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் சிறு துளை வைத்த ஒரு குறியோ தொலைநோக்கியோ பொருத்தலாம். கன்னம் படியும் இடத்தில் கட்டை சற்றுப் புடைத்திருக்க வேண்டும். கைப்பிடியில் விரல் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நுணுக்கமான கோடுகள் செதுக்க வேண்டும்.

மரத்தில் இரும்பைப் பதிக்கும் வேலைதான் இதில் உயிரான வேலை. எஃகுப் பாகத்தின்மேல் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, குடைந்து வைத்திருக்கும் மரத்துக்குள் மெதுவாக இறக்கி, உடனே வெளியே எடுக்க வேண்டும். எங்கெங்கே இரும்பு மரத்தைத் தொட்டதோ அங்கெல்லாம் கறுப்புப் படிந்திருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடியும் கரி, மறுபடியும் இறக்குவது, மறுபடியும் சுரண்டுவது. ஆத்திரப்பட்டு ஒரு தடவை அதிகமாகச் சுரண்டிவிட்டால் இடைவெளி விழுந்துவிடும். மரத்தை ஒட்டவைக்க முடியாது. நூறு தடவைக்கு மேல் இறக்கி ஏற்றிய பிறகு, இரும்பும் மரமும் சேருமிடத்தில் ஒரு தலைமயிர் நுழையாது. அப்புறம் ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். நாவலைத் திருத்தி எழுதும் வேலை இதுதான் என்று சொல்ல வாயெடுக்கிறேன். ஆனால் எங்களில் யார் நூறு தடவை இறக்கி ஏற்றுகிறோம்?

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மாறவில்லை. போல்ட் என்கிறார்களே, கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னும் பின்னும் ஓடி, திரும்பி, பூட்டிக்கொள்ளும் எஃகு உருளை, அதுவும் அது பூட்டிக்கொள்ளும் எஃகு அறையும் பட்டாளத்தில் இருந்தவைதான். அவற்றை யாரும் புதிதாகச் செய்வதில்லை. அவற்றுக்காகத்தானே பழைய ரைபிளை வாங்குவதே! அவற்றின் குணமும் குற்றமும் கூடவே வரும். ஜெர்மன் மாசரின் போல்ட் கைப்பிடி பக்கவாட்டில் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காய்ச்சி வளைத்தால்தான் மேலே தொலைநோக்கி பொருத்த முடியும். காய்ச்சும்போது சூடு பரவி, பூட்டும் காதுகள் இளகிவிட்டால், பார்வைக்கு அழகாகவே இருந்து, ஒருநாள் சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். ஆரம்ப ஸ்பிரிங்ஃபீல்டுகளின் கதை இன்னும் சுவாரசியமானது. எஃகு பதமாகக் காய்ந்துவிட்டதா என்பதை அனுபவமுள்ள தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தீர்மானித்தார்கள். 1917 வாக்கில் சில ரைபிள்கள் உடைந்து சிதறின. சூடு அளக்கும் கருவி கொண்டுவந்து பார்த்தார்கள். மேகம் மூடிய நாளில் சரியான நிறம் என்று எடுத்ததற்கும், வெயில் பளிச்சென்றிருந்த நாளில் அதே நிறம் என்று எடுத்ததற்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம்! வெயில் நாளில் செய்தவை கருகிப்போயிருந்தன. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000-க்குக் கீழே எண் உள்ள ரைபிள்களை விஷயம் தெரிந்தவர்கள் சுட அஞ்சுவது இதனால்தான். எவ்வளவு உயர்ந்த அக்ரூட் கட்டை போட்டாலும், என்றோ ஒருநாள் அடித்த வெயில் அந்த இரும்புக்குள் இருக்கிறது.

மாறுவது இன்னொன்று உண்டு: குண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்திலிருந்த ஆயுதசாலையில் 1890-களில் முனை மழுங்கிய ஒரு குண்டு செய்தார்கள். உடம்புக்குள் போனதும் அது பூவாக விரிந்து கிழிக்கும். மனிதர்கள்மேல் இதை உபயோகிப்பது அக்கிரமம் என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் விலக்கினார்கள். ஆகவே சிப்பாயின் குண்டுக்கு முழுவதும் உலோக உறை; நேராகத் துளைத்துக்கொண்டு போய்விடும். வேட்டையில் தர்மம் தலைகீழ். துளைத்துக்கொண்டு போகும் குண்டு பட்ட மான் மைல் கணக்கில் ஓடி இரண்டு நாள் கழித்துச் சாகும். விரியும் குண்டுதான் கருணை. யானை, காட்டெருமை போன்ற தடித்த எலும்புக்காரர்களுக்கு மட்டும் உறையுள்ள குண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சிங்கம் வரப் போகிறது.

நம் நாட்டில் இந்த மாற்றத்தைச் சட்டமே செய்வித்தது. படையின் .303 தோட்டா ஜனங்களிடம் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்கார ஸர்க்கார் தடுத்தது. பர்மிங்ஹாம் கம்பெனிக்காரர்கள் அதே லீ என்ஃபீல்டு அமைப்பில் .315 என்ற வேறு அளவில் ரைபிள் செய்து இங்கே அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாபூர் தொழிற்சாலையும் அந்த .315-ஐ வேட்டை ரைபிள் என்ற பெயரில் செய்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் பெயரில் மட்டும்தான் வேட்டை.

ஜிம் கார்பெட் வைத்திருந்த புகழ்பெற்ற .275 ரிக்பியும் இந்த வம்சம்தான். பழைய ரைபிளை அறுத்துச் செய்ததல்ல. ஆனால் மாசர் அமைப்பின்மேல் லண்டனில் ரிக்பி கட்டியது. தோட்டா, தென்னாப்பிரிக்க யுத்தத்தில் போயர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சுட்ட அதே 7 மில்லிமீட்டர் மாசர் தோட்டா. பெயரை மட்டும் .275 என்று இங்கிலீஷ் ஆக்கிக்கொண்டார்கள். சம்பாவத் புலியை 1907-ல் கொன்றதற்காக ஐக்கிய மாகாண கவர்னர் கொடுத்த பரிசு. கார்பெட் அதை வர்ணிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையின் கதையில் அதில் ஒரு டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் கஷ்டத்தைச் சொல்வார். கட்டையின் அழகை அல்ல. அவருடைய பக்கங்களில் துப்பாக்கிக்கு முன்னால் எப்போதும் ஓர் ஊர் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடக்கிற ஊர். அதனால் அவருக்கு உத்தி தேவைப்படவில்லை. பிற்காலத்தில் அந்த ரைபிள் அவருடைய பிரசுரகர்த்தர்களான ஆக்ஸ்போர்டு யுனிவர்ஸிடி பிரஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தது. பிரசுரகர்த்தர்கள் கையில் துப்பாக்கி இருப்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை வெளியிடாமலிருப்பது நல்லது.

கிரிஃபினிடம் திரும்புவோம். ஃபிலடெல்ஃபியாவில் ஸர்க்கார் ஆயுதசாலையில் இருந்த ஜேம்ஸ் ஹோ என்ற இரும்பு வேலைக்காரரோடு சேர்ந்து அவர் 1923-ல் 'கிரிஃபின் அண்டு ஹோ' என்று கடை வைத்தார். ஹோ சில மாதங்களில் விலகிவிட்டார், பெயர் நிலைத்துவிட்டது. பட்டாளத்து ஸ்பிரிங்ஃபீல்டைக் கனவானின் ரைபிளாக்குவதில் அந்தக் கடைக்கு இணையில்லை என்று பெயர் வந்தது. 1930-ல் அங்கே ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கியவர் எர்னஸ்ட் ஹெமிங்வே.

அவரும் ரூஸ்வெல்டின் ஆப்பிரிக்கக் கதையில் வளர்ந்த பையன்தான். 1933-ன் இறுதியில் டாங்கன்யிகாவுக்கு வேட்டைக்குப் போனபோது அவருக்கு வழிகாட்டியாக வந்த பிலிப் பெர்ஸிவல், இளம் வயதில் ரூஸ்வெல்டோடும் போனவர். ஒரே புத்தகம் ஒரு தச்சரையும் ஒரு நாவலாசிரியரையும் பிடித்து, இருவரையும் ஒரு துப்பாக்கியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆனால் ரூஸ்வெல்டுக்கும் ஹெமிங்வேக்கும் நடுவில் 1918 இருக்கிறது. இத்தாலியப் போர்முனையில் சிப்பாய்களுக்குச் சாக்லெட்டும் சிகரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்த 18 வயதுப் பையன்மேல் ஜூலை 8-ந் தேதி இரவு பீரங்கிக் குண்டு விழுந்தது. அவன் கையில் துப்பாக்கி இல்லை. யுத்தம் அவனுக்குள் இரும்புத் துண்டுகளாகப் போயிற்று.

இந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா' 1935-ல் வெளிவந்தது. முழுக்க முழுக்க உண்மையான ஒரு புத்தகம் கற்பனையோடு போட்டி போட முடியுமா பார்க்கிறேன் என்று முன்னுரையில் சவால் விடுகிறார். போட்டியில் தோற்றார் என்பது என் தீர்ப்பு. புத்தகத்தில் பெரும் பகுதி கட்டை வேலை. மினுமினுப்பு இருக்கிறது, கோடுகள் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கின்றன, எண்ணெய் வாசனைகூட வருகிறது. அமெரிக்க இலக்கியத்தைப் பற்றி ஓர் ஆஸ்திரியக்காரரிடம் கூடாரத்தடியில் செய்யும் பிரசங்கம், யார் சுட்ட குடு மானுக்குக் கொம்பு நீளம் என்ற பொறாமை, இவையெல்லாம் கண்ணாடி பீரோவில் வைக்க வேண்டிய சாமான்கள்.

ஆனால் ஓரிடம் இருக்கிறது. காயம்பட்டு ஓடிவிட்ட ஒரு மிருகத்தைப் பற்றி நினைக்கிறவர், தமக்கு முன்பு கை முறிந்து ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாமல் வாரக் கணக்கில் கிடந்த இரவுகளை நினைத்துக்கொள்கிறார். தோள் எலும்பு நொறுங்கித் தப்பிப்போன எல்க் மானுக்கு இப்படித்தானே இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்கிறது. தமக்குச் செய்யப்படாத எதையும் தாம் அவற்றுக்குச் செய்யவில்லை, தாமும் சுடப்பட்டு ஊனப்பட்டுத் தப்பியவர் என்கிறார். நியாயம் சரியா என்று கேட்டால் சரியில்லைதான். மான் யாரையும் சுடவில்லையே! ஆனால் அந்தப் பக்கத்தில் மரம் விலகி இரும்பு தெரிகிறது. யுத்தத்தைச் சீவித் தள்ளிவிட்டு வேட்டையை மட்டும் எழுதும்போது அவர் கெட்டிக்கார வேட்டைக்காரர். அது உள்ளே பூட்டிக்கொண்டிருப்பதை மறைக்காமல் விடும்போதுதான் கலைஞர். ரூஸ்வெல்டின் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கம் கிடைக்காது.

சவாலில் தோற்றதை அவரே உணர்ந்தாரோ என்னவோ, அடுத்த வருஷமே அதே நிலத்தை, அதே துப்பாக்கிகளை எடுத்துக் கற்பனையாக எழுதினார். 'ஃபிரான்ஸிஸ் மக்கோம்பரின் குறுகிய இன்ப வாழ்வு' என்று சொல்லக்கூடிய கதை, 1936 செப்டம்பரில் 'காஸ்மாபாலிடன்' பத்திரிகையில் வந்தது. பணக்கார மக்கோம்பர், அழகான மனைவி மார்கட், வெள்ளைக்கார வேட்டை வழிகாட்டி வில்ஸன். சிங்கத்தைக் கண்டு கணவன் ஓடிவிடுகிறான். மனைவி அன்றிரவு வில்ஸனிடம் போகிறாள். மறுநாள் காட்டெருமை வேட்டையில் அவனுக்குப் பயம் விட்டுப்போகிறது. அந்தச் சந்தோஷத்திலேயே மனைவியின் குண்டு பட்டுச் சாகிறான். இதைக் கோழைத்தனத்தைப் பற்றிய கதை என்றும், கொடிய பெண்ணைப் பற்றிய கதை என்றும் படிக்கிறார்கள். கையிலிருக்கும் சாமான்களைக் கவனித்துப் படித்துப் பாருங்கள்.

மக்கோம்பரின் கையிலிருப்பது ஸ்பிரிங்ஃபீல்டு. காரிலிருந்து இறங்கி, சிங்கத்தைக் குறிபார்த்து விசையை இழுக்கிறான். வெடிக்கவில்லை. விரல் ஒடிந்துவிடும்போல இழுக்கிறான். அப்புறம்தான் பூட்டை விடுவிக்கவில்லை என்று தெரிகிறது. ஸ்பிரிங்ஃபீல்டின் பூட்டு எங்கே இருக்கிறது? போல்ட்டின் பின்கோடியில், ஒரு சிறு சிறகுபோல. வலப்புறமிருந்து இடப்புறம் புரட்ட வேண்டும். பாராவில் நிற்கும் சிப்பாய்க்காக வைத்தது. அவனுக்கு அவசரமில்லை. தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அது தோதான இடமல்ல. ஹெமிங்வே இதை விளக்குவதில்லை. பூட்டைத் தள்ள மக்கோம்பர் துப்பாக்கியைக் கீழே இறக்கினான் என்று மட்டும் எழுதுகிறார். இறக்கும்போது அவனை அறியாமல் ஓர் அடி முன்னே வைக்கிறான். காரின் நிழலுருவத்திலிருந்து அவன் உருவம் பிரிகிறது. அதுவரை அசையாமல் நின்ற சிங்கம் மனிதனைக் கண்டுகொண்டு திரும்பி நடக்கிறது. குண்டு தோளில் பட வேண்டியது விலாவுக்குப் பின்னால் வயிற்றில் படுகிறது. அதனால் சிங்கம் சாகாமல் புல்லுக்குள் போய்ப் படுக்கிறது. அதனால் அதைத் தேடிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. அதனால் ஓட்டம். அதனால் அந்த இரவு. எல்லாம் ஒரு சிறகின் அரை வட்டத்தில் தொடங்குகிறது.

அதோடு அந்தக் குண்டு. முழு உறைபோட்ட, 220 கிரெயின் எடையுள்ள, விரியாத குண்டு. இந்தக் கணக்கை ஹெமிங்வே எங்கே சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மக்கோம்பர் பக்கத்திலிருந்து பார்க்கும் முன்பே, சிங்கத்தின் பக்கத்திலிருந்து அதே காட்சியை ஒரு தடவை சொல்லிவிடுகிறார். அந்த எண்ணும் எடையும் அங்கே வருகின்றன, சிங்கத்தின் வயிற்றில் எரிச்சலாக. சிங்கத்துக்குக் கிரெயின் தெரியுமா என்று சிரிக்கலாம். நான் முதலில் படித்தபோது ஆசிரியர் தம் நிபுணத்துவத்தை இங்கேயுமா காட்டிக்கொள்ள வேண்டும் என்றே நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடைக்காரனின் விலைப் பட்டியலில் இருக்கும் எண், மாம்சத்துக்குள் போகும்போது என்னவாகிறது என்று ஒரே வாக்கியத்தில் காட்ட வேறு வழி கிடையாது. ரூஸ்வெல்டின் 512-க்கு இது பதில்.

கதையில் யுத்தம் ஒரே இடத்தில்தான் வருகிறது. எருமை வேட்டைக்குப் பிறகு மக்கோம்பரின் முகத்தைப் பார்க்கும் வில்ஸன், பயம் ஒரே நாளில் வெட்டி எடுத்ததுபோலப் போய்விடும், யுத்தத்தில் இப்படிப் பார்த்திருக்கிறோம் என்று தனக்குள் நினைத்துக்கொள்கிறான். அந்த ஒரு நினைவு போதும். வேட்டை என்று இவர்கள் விளையாடுவது எந்தக் காரியத்தின் மிச்சம் என்று தெரிந்துவிடுகிறது. 1935-ன் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பேசி வராதது இங்கே அரை வரியில் வந்துவிட்டது.

இந்த மாதிரி மிச்சங்கள் இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மலை மலையாக வந்து குவிந்தன. தோற்ற நாடுகள், ஜெயித்த நாடுகள் எல்லாவற்றின் பழைய ரைபிள்களும் தபாலில் கிடைத்தன. வீட்டுக் கொல்லையில் ரம்பமும் அரமும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் கிரிஃபின் ஆகப் பார்த்தார்கள். கிரிஃபின் கடையின் ரைபிள்களை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். கொல்லையில் அறுத்தவற்றை, அறுக்காமலே விட்டிருந்தால் கூடுதல் விலை போயிருக்குமே என்று சேகரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு தொலைநோக்கியை மட்டும் மேலே பொருத்திவிட்டு, மற்றபடி அப்படியே விற்ற ரகமும் உண்டு. இத்தாலியப் பட்டாளத்தின் 6.5 மில்லிமீட்டர் கார்கானோ, தொலைநோக்கியோடு 19.95 டாலர், தபால் செலவு தனி. 1963-ல் டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடியைக் கொன்றது அப்படித் தபாலில் வந்த ஒன்று. 1968-ல்தான் தபால் விற்பனையைச் சட்டம் நிறுத்தியது.

மக்கோம்பரைக் கொன்றதும் ஒரு 6.5 தான், ஆனால் வேறு சாதி: மான்லிக்கர். 1903-ல் கிரேக்கப் படை ஏற்றுக்கொண்ட ரைபிளின் வேட்டை வடிவம். இலேசானது, பெண்கள் கைக்கு ஏற்றது என்று பெயர். எருமை அவனை முட்டவிருந்த சமயத்தில் எருமையை நோக்கி மார்கட் சுட்டாள், குண்டு கணவனின் மண்டையோட்டின் அடியில் பட்டது என்று கதை சொல்கிறது. வேண்டுமென்றே சுட்டாளா, கை தவறியதா என்று பிரபல விமர்சகர்கள் இன்றுவரை கட்சி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'எருமையை நோக்கி' என்று ஆசிரியர் தம் வாயாலேயே எழுதியிருக்கிறார். அவர் வார்த்தையை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கொலை என்று நம்மை நினைக்கவைப்பது வில்ஸன். விஷம் வைத்திருக்கலாமே என்று அவளைக் குத்திக் குத்திப் பேசுகிறான். துப்பாக்கி தெரிந்தவன் சொல்கிறான் என்று வாசகனும் தலையாட்டிவிடுகிறான்.

சில பக்கங்களுக்கு முன்னால் போய்ப் பாருங்கள். காயம்பட்ட எருமையைத் தேடிப் புதருக்குள் போகுமுன், பழகின துப்பாக்கியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்கோம்பரிடம் ஸ்பிரிங்ஃபீல்டைக் கொடுக்கிறான் வில்ஸன். தன் பெரிய .505-ஐத் தான் எடுத்துக்கொள்கிறான். மான்லிக்கர் காரிலேயே மேம்ஸாஹிபிடம் இருக்கட்டும் என்கிறான். மூன்று துப்பாக்கிகளையும் பங்கு பிரித்தவன் அவன்தான். அவள் அழ அழ அவளோடு அவ்வளவு நேரம் பேசியும், அதைப் பற்றி மட்டும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.